திருப்பி வைத்த பிளேட்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். கட்டடத்தின் படத்துக்குள் மனிதர்கள் வந்து நிற்பதுதான் அவருக்கு ஆகாது. எங்கள் ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஜோடி வந்தாலும், கைக்குழந்தையோடு யார் வந்தாலும் சிரித்த முகமாகத்தான் எடுத்து அனுப்புவார். எங்களுக்குச் சோறு போட்டது அந்தப் படங்கள்தான். ஆனால் அவர் உயிர் கட்டடங்களில் இருந்தது. சர்ச், சத்திரம், பள்ளிக்கூடம் என்று எதையாவது எடுக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டால் அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கட்டடத்துக்கு எதிரே போய்க் கொத்தனார் மாதிரி நூல் பிடிப்பார். வாசலின் நடுவிலிருந்து தெருவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் காமிராக் கால்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கட்டடம் தலைகீழாகத் தெரியுமாம். அப்படிப் பார்த்தால்தான் இரண்டு பக்கமும் சமமா என்பது கண்ணுக்குப் படும் என்பார். இடது பக்கத்தில் நான்கு தூண் இருந்தால் வலது பக்கத்திலும் நான்கு இருக்க வேண்டும். இடையில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டால் தராசில் ஒரு தட்டில் மட்டும் கல்லை வைத்ததுபோல அவருக்கு உடம்பு பதறும். தெருவில் போகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு நகரச் சொல்வார். மனிதர்களைப் பிடிக்காது என்ற பேச்சு கிளம்பியது இப்படித்தான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே இருட்டறை வேலை என் கைக்கு வந்துவிட்டது. பிளேட்டைக் கழுவுவது, ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலால் குறைகளைத் தொட்டுச் சரிசெய்வது, வெயிலில் பிரேமை வைத்துக் காகிதத்தில் படம் இறக்குவது எல்லாம் நான்தான். அந்தக் காலத்தில் கண்ணாடிப் பிளேட். அதில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். வெளியூர் வேலைக்கு என்னை அழைத்துப் போகமாட்டார் என்பதால் பலரை நான் முதலில் பார்த்ததே கறுத்த பல்லும் வெளுத்த தலைமுடியுமாகத்தான்.

குத்தம்பாக்கத்து இரட்டை வீட்டையும் நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். அங்கே நிலபுலன் உள்ள ஒரு பெரியவர், தன் இரண்டு மகன்களுக்கும் பின்னாளில் சண்டை வரக் கூடாது என்று ஒரே சுவரை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே என்று ஒரு வீடு கட்டினார். இரண்டு வாசல், இரண்டு கூடம், பக்கத்துக்கு இரண்டு ஜன்னல். கிழக்குப் பார்த்த வீடு. கிரகப்பிரவேசத்தன்று படம் எடுக்க என் வீட்டுக்காரரை அழைத்தார்கள். அப்படியொரு வீட்டைக் கண்டதும் அவருக்குச் சொர்க்கம் தெரிந்திருக்கும். காலை வெயில் நேர் எதிரே விழும் நேரம் பார்த்து, ஒரு பக்கத்திலும் நிழல் சாயாமல் எடுத்தாராம். தெற்கே ஒரு கிணறு இருந்தது. அது படத்துக்குள் வராதபடி ஒதுக்கினார். கிணற்றடி முருங்கை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டவைத்தார். ஆள் ஒருவரும் இல்லாமல் முதல் பிளேட் முடிந்தது.

பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆளு இல்லாத ஊட்டப் படம் புடிச்சு இன்னா பண்றது நைனா? பாழடஞ்ச ஊடு மாதிரி கீது" என்றிருக்கிறார். அதனால் இரண்டாவது பிளேட். நடுவில் நாற்காலி போட்டுப் பெரியவர். ஒரு வாசலுக்கு முன்னால் மூத்த மகனும் அவர் மனைவியும், இன்னொரு வாசலுக்கு முன்னால் இளைய மகனும் அவருடைய புது மனைவியும். அவரவர் பாதியில் அவரவர் நிற்க வேண்டும் என்று சொல்லிப் பெரியவரே நிறுத்தினாராம். மூத்தவர் குட்டை என்பதால் அவர் காலடியில் செங்கல் வைத்து என் வீட்டுக்காரர் உயரத்தைச் சமன் செய்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. இரண்டு பெண்களுக்கும் மாராப்பு இடது தோளில் இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண் மட்டும் வலது தோளில் போட்டிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று இரண்டு நாள் புலம்பினார். உலகத்தில் எந்தப் பெண் உங்கள் படத்துக்காக மாராப்பை மாற்றிப் போடுவாள் என்று கேட்டேன்.

சில வருஷங்கள் போயின. பெரியவர் இருந்தவரை பாதி பிரிக்காமல் ஒரே அடுப்பில்தான் எல்லாரும் இருந்தார்கள்; பிறகு அவர் காலமாகிவிட்டார். இளையவர் பெரம்பூரில் ரயில் வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸில் குடும்பம் வைத்துவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் ஊருக்கு வந்து போவதோடு சரி. வீட்டின் இரண்டு பாதியையும் மூத்தவரே புழங்கினார். ஓர் ஐப்பசி மாதம் அவர் ஸ்டுடியோவுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கறையான் தின்றுவிட்டது, இன்னொரு பிரதி வேண்டும், அப்பா முகம் அதில்தான் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் அப்போது ஆவடியில் இருந்தார். யுத்தத்துக்காக அங்கே பட்டாளத்துக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றைப் படமெடுக்கும் வேலை கிடைத்திருந்தது. எனவே நானே பிளேட்டைத் தேடி எடுத்தேன்.

மழைக்காலத்து ஈரம் பிளேட்டைப் பிடித்திருந்தது. படம் இருக்கிற பூச்சு ஓர் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. முறைப்படி அந்தப் பூச்சுப் பக்கம்தான் காகிதத்தில் பட வேண்டும். பட்டால் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்துவிடும் என்று பயந்தேன். பிளேட்டைத் திருப்பி, கண்ணாடிப் பக்கத்தைக் காகிதத்தின்மேல் வைத்தேன். அப்படி வைத்தால் படம் இடம் வலமாக மாறும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீடு இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நல்ல வெயில் வந்த ஒரு காலையில் படம் இறங்கியது. கொஞ்சம் மங்கல். பழைய பிளேட் என்று சொல்லிச் சமாளித்தேன். மூத்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண்கலங்கி, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். அந்த மனிதர் கண்ணில் நீரைப் பார்த்த பிறகு, நான் செய்தது நல்ல காரியம் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லவும் இல்லை.

அப்புறம் யுத்தத்தில் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய பிளேட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெறுங்கண்ணாடியைப் பட பிரேம் போடுகிறவரிடம் கொடுத்தோம். குத்தம்பாக்கத்துப் பிளேட்டையும் என் கையாலேயே சுரண்டினேன்.

மூத்தவர் மறுபடியும் எங்கள் கடைக்கு வந்தது யுத்தம் முடிகிற சமயத்தில். தம்பி விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றார். தம்பி மனைவிக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். கிணற்றுப் பக்கத்துப் பாதி தங்களுடையது என்று புருஷன் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்கிறாள். அப்பா எழுதிவைத்த காகிதத்தில் "வலப்பாதி மூத்தவனுக்கு, இடப்பாதி இளையவனுக்கு" என்று மட்டும்தான் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்து வலமா, வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து வலமா என்பது அதில் இல்லை. இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்டால், முந்தைய வருஷப் புயலில் வடக்குப் பாதியின் கூரை முழுசாக விழுந்திருந்தது. தெற்குப் பாதி கிடைத்தால் அவளுக்கும் குழந்தைகளுக்கும் தலைக்குமேல் ஓடு இருக்கும். வடக்குப் பாதி என்றால் நான்கு சுவரும் ஆகாயமும்தான்.

"ஞாயித்துக்கெழமை முன்சீப் வராரு. படத்த வச்சு முடிச்சுடலாம்னு சொல்லிட்டாரு. நீங்க வந்து இது நீங்க புடிச்ச படந்தான்னு ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார் மூத்தவர். முன்சீப் என்றால் அந்தக் கிராமத்து முன்சீப். நேர்மையான மனிதர் என்று பேர். மூத்தவரும் பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை. "தம்பி வடக்கால நிக்கிறான், நான் தெக்கால நிக்கிறேன். நானா சொல்றேன்? படம் சொல்லுது" என்று அவர் சொன்னபோது குரலில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தன் படம் சாட்சி சொல்லப் போகிறது என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லி, துடைத்துக் கொடுக்கும்படி படத்தை என்னிடம் அனுப்பினார்.

துடைக்கும்போது, பென்சில் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி லென்சை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் கட்டைவிரல் அளவுதான் இருந்தார்கள். இரண்டு பெண்களின் புடவைக் கரையும் வலது தோளில் ஏறிக்கிடந்தது. அப்போதுதான் அந்த ஐப்பசி மாதம் முழுக்க நினைவுக்கு வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் எந்த வீட்டைப் பற்றி நினைத்தேனோ, அந்த வீட்டின் கூரைக்கு வெளியே ஒரு பெண்ணை நானே நிறுத்திவைத்திருந்தேன்.

மூத்தவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பிளேட்ட திருப்பி வச்சியா?" என்றார், கொலை செய்துவிட்டாயா என்று கேட்கிறவர்போல.

"வச்சேன்."

"என்கிட்ட சொல்லாம?"

"உங்ககிட்ட சொன்னா விட்டிருப்பீங்களா?"

ஆவடிக் கொட்டகைகளின் படங்களை எல்லாம் அத்தாட்சி என்று கோப்பில் வைக்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோவில் இடம் வலம் மாறிப் படம் வரும் என்று வெளியே தெரிந்தால் அந்த வேலை போய்விடும். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். விடிந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் திருப்பி வச்சேன்னு அங்க சொல்லிடறேன். பொம்பள பேரு இதுல எதுக்கு" என்றார். எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார், பிளேட்டைத் திருப்பி வைத்த ஆள் என்ற பேரை மட்டும் பொறுக்கமாட்டார். அந்தப் பேரைத்தான் எனக்காகச் சுமக்க வந்தார். அன்றைக்கு அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்பதை இப்போது எழுதவும் வெட்கமில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வண்டி கட்டிக்கொண்டு போனோம். இறங்கியதும் என் வீட்டுக்காரர் வந்த வேலையை மறந்துவிட்டார். வடக்குக் கூரை உள்ளே சரிந்து, அந்தப் பக்கத்துச் சுவரில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. தெற்குப் பாதி மட்டும் சுண்ணாம்போடு நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையால் இடித்து நகர்த்த வேண்டியிருந்தது.

வாசலில் பாய் விரித்து முன்சீப்பும் ஊர்க்காரர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். தெற்கு வாசல் கதவுக்குப் பின்னால் மூத்தவரின் மனைவியும் மற்றப் பெண்களும் நின்றார்கள். இளையவரின் மனைவி வெள்ளைப் புடவையில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்கும் பின்னால் இருந்தாள். கணவனின் அண்ணன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. எனக்கோ அவளைப் பார்த்ததும், நான் பிளேட்டில் தொட்டுச் சரிசெய்த அந்தப் புதுப்பெண்ணின் கன்னம்தான் நினைவுக்கு வந்தது.

முன்சீப் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது உங்க ஸ்டுடியோ படந்தானே?"

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் எழுந்தேன்.

"படம் எங்களுதுதாங்க. ஆனா அத எறக்குனது நான். பிளேட்டத் திருப்பி வச்சுட்டேன். படத்துல வடக்கால இருக்கறவங்க நெசத்துல தெக்கால நின்னவங்க."

மூத்தவருக்கு முகம் சிவந்தது. "அந்தப் பொண்ணு அழுவுதுன்னு சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம். முன்சீப் என்னைப் பார்த்து, "பிளேட்டக் கொண்டாங்க, பாத்துடலாம்" என்றார். பிளேட்டைச் சுரண்டிவிட்டேன் என்று சொன்னபோது என் வார்த்தைக்கே என் காதில் மதிப்பில்லாமல் இருந்தது. "அப்போ நீங்க சொல்றத மட்டும் வச்சு நான் எப்படிம்மா முடிவு பண்றது" என்றார் முன்சீப்.

கையோடு கொண்டுபோயிருந்த லென்சை நீட்டினேன். "பொம்பளைங்க ரெண்டு பேர் மாராப்பும் எந்தத் தோள்ல இருக்குதுன்னு பாருங்க."

பார்த்தார். வலது தோளில் இருக்கிறது என்றார். அதில் என்ன என்று கேட்டார். இடது தோளில்தானே இருக்க வேண்டும் என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் வருஷக்கணக்காகக் கூடக் குடித்தனம் செய்கிறவள் மாராப்பை எந்தப் பக்கம் போடுகிறாள் என்று அங்கே ஒரு ஆளுக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. முன்சீப் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார். நின்றிருந்த பெண்கள் எல்லாருக்கும் அது இடது தோளில் இருந்தது. அவர்கள் உடனே அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

"அந்தப் படத்த இங்க குடுங்க" என்று மூத்தவரின் மனைவி கையை நீட்டினாள். வீட்டில் அந்தப் படம் நிலைப்படிக்குமேல், எட்டாத உயரத்தில் புகை படிந்து கிடந்ததால் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லையாம். லென்சைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இது இன்னா கூத்து? நான் எந்தக் காலத்துல சோத்தாங்கைப் பக்கம் மாராப்பு போட்டேன்? அந்தம்மா சொல்றது நெசந்தான்" என்றாள்.

வலது கையைச் சோத்தாங்கை, இடது கையைப் பீச்சாங்கை என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காகிதத்தில் இருந்த வலமும் இடமும் யாருக்கும் விளங்கவில்லை. சோத்தாங்கை எல்லாருக்கும் விளங்கியது.

மூத்தவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "தெனமும் காத்தால எழுந்து அப்பா மூஞ்சியப் பாத்துட்டுதான் வேலைக்குப் போவேன். பாத்துப் பாத்து, நான் தெக்கால நின்னாப்பலவே நெனப்பு வந்துட்ச்சு" என்றார். பிறகு, "எந்தம்பிய நானே அந்தாண்ட தள்ளிட்டேனே" என்றார். அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அவர் நினைவைத் திருப்பிப் போட்டதும் நான்தானே. அன்று மாலைக்குள் தெற்குப் பாதியிலிருந்த தன் நெல் மூட்டைகளை அவரே தூக்கி வெளியே போட்டு, அறைகளைப் பெருக்கச் சொன்னார். வடக்குக் கூரை வேயும்வரை அவர் குடும்பமும் அங்கேயே ஓர் அறையில் இருக்கட்டும் என்று இளையவரின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பினாள்.

ஆவடி வேலை போகவில்லை. குத்தம்பாக்கத்துச் சேதி அந்தத் துரைகளின் காதுவரை போகவில்லை போலும். ஆனால் என் வீட்டுக்காரர் மாறிவிட்டார். கட்டடத்துக்கு நூல் பிடித்து முடித்ததும், போகிற வருகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார். தராசு சாய்ந்துவிடாதா என்று சீண்டினால், சாயட்டும், எந்தப் பக்கம் எது என்று தெரிய வேண்டாமா என்பார்.

அடுத்த மாசி வாக்கில் நான் மட்டும் குத்தம்பாக்கம் போனேன். என் மனசு ஆறவில்லை. அவளுக்கு வீடு கிடைத்தது சரி; புருஷனோடு சேர்ந்து நின்ற ஒரே படம் அதுதான். அதை இனி நேராக்க என்னிடம் பிளேட் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மூத்தவர் கொடுத்த படம் ஒரு சுவரில் இருந்தது. அதற்கு நேர் எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தாள்.

"படத்த பாக்காதக்கா, அதுல பாரு. அதுல பாத்தாதான் அவரு நம்ம பக்கம் நிக்கிறாரு. தல வகுடுகூட சரியா கீது."

கண்ணாடியில் பார்த்தேன். இளையவர் கிணற்றுப் பக்கம் நின்றார். பக்கத்தில் புதுப்பெண், மாராப்பு இடது தோளில். இன்னும் நன்றாகப் பார்க்க நான் ஒருபக்கமாக விலகியபோது, எனக்குப் பின்னால் நின்ற அவள் முகமும் வெள்ளைப் புடவையும் அவருக்கு மறுபக்கத்தில் தெரிந்தன.

"சரியாத்தானே கீதுக்கா?" என்று கேட்டாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.